கீழ் லயத்துப் பெரட்டு

கம்பம்மெட்டிலிருந்து அந்த ஏலத்தோட்டத்துக்குப் போகிற பாதையை ரோடு என்று சொல்ல, ஜீப் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும்தான் மனசு வரும். ஆடி மழையில் அது பாதி ஓடை, பாதி சேறு. எமர்ஜென்சி வந்த மறு வருஷம் அது. செல்லத்துரையின் ஜீப் சேற்றில் விழுந்து எழுந்து கங்காணி சின்னையன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நடு மத்தியானம். ஆனால் அதைக் கடிகாரம் சொன்னால்தான் நம்ப முடியும். மூடுபனி தோட்டத்தையும் வீட்டையும் ஒரே போர்வைக்குள் போட்டு மூடியிருந்தது.

"எறங்குக்கா. நான் இப்படியே திருப்பிக்கிறேன்" என்றான் செல்லத்துரை. இன்ஜினை அணைக்கவே இல்லை.

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போயேன்டா. கங்காணி வீட்ல குடுக்காமயா போயிருவாங்க?"

"வேணாக்கா. இந்த வீட்டுப் பக்கம் பொழுது சாஞ்சா சத்தம் கேக்குதாம்."

"சாகக் கிடக்கிற வீட்ல சத்தம் கேக்காம, நாதஸ்வரமா கேக்கும்?" என்று சிரித்துக்கொண்டே அழகுத்தாய் இறங்கினாள். சாவு வீட்டைக் கண்டு பதறுகிற ஆம்பிளைகளை அவள் நிறையப் பார்த்தவள்.

அவள் செய்கிற வேலைக்கு ஊரில் தனியாக ஒரு பேர் கிடையாது. சாகப் போகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். உதட்டை நனைப்பாள், கால் பிடித்துவிடுவாள், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்பாள். அவள் புருஷன் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரி வார்டில், அவள் கஞ்சி வாங்கிவரப் போன நேரத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டே தனியாகச் செத்துப்போனான். அந்தச் சுவரை அவளால் மறக்கவே முடியவில்லை. அன்றிலிருந்து யார் வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் போய்விடுவாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. சிலருக்கு உயிர் போகாமல் இழுத்துக்கொண்டே கிடக்கும். ஏதோ ஒரு சொல் பாக்கி இருக்கும். மகளுக்குக் கல்யாணம் முடிக்கவில்லை, சாமிக்கு நேர்ந்த கிடா வெட்டவில்லை, இப்படி. அழகுத்தாய் அதைப் பேசிப் பேசி வெளியே வரவைப்பாள். பிறகு பிள்ளைகளில் ஒருவர் கையை எடுத்து அந்தக் கையில் வைத்து, "நான் ஏத்துக்கிட்டேன், நீங்க போங்க" என்று சொல்லச் சொல்வாள். சொன்னதும் முகம் தெளிந்து போய்விடுவார்கள். அந்தச் சொல்லைச் சொந்தக்காரர்தான் வாங்க வேண்டும். தன் கையில் அவள் ஒருநாளும் வாங்கியதில்லை.

வாசற்படியில் கால் வைத்தபோது முந்தானை பின்னால் இழுபட்டது. முள்ளில் மாட்டியிருக்கும் என்று திரும்பாமலே சுண்டி இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே நுழைந்ததும் அந்த வாடைதான் முதலில் வந்தது. நனைந்த கம்பளி வாடை. தோட்டத்தில் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வார்களே, அந்த முரட்டுக் கம்பளி. ஊறிப்போனால் ஆட்டுப்பட்டி மாதிரி நாறும். ஆனால் கொடியில் ஒரு கம்பளியும் இல்லை. மூலையிலும் இல்லை.

கங்காணியின் மகள் சந்தனம் நிறைமாத வயிற்றோடு எழுந்து வந்தாள். புருஷனுக்குக் கஞ்சிக்கோட்டில் ஆலை வேலை, லீவு கிடைக்கவில்லை. தாயும் இல்லை. அந்தப் பெண் தூங்கிப் பல நாளாகியிருக்கும் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"அத்தே, வந்துட்டீங்களா" என்றவள் அழுதுகொண்டே சொன்னாள். "அப்பாவுக்கு உசிரு போகவும் மாட்டேங்குது, நிக்கவும் மாட்டேங்குது. பால் ஊத்தியாச்சு. ஊரு மண்ணைக் கரைச்சும் ஊத்தியாச்சு. எதுக்கும் மசியல."

"அழாத தாயி. இந்த நேரத்துல நீ அழக் கூடாது. நான் பாத்துக்கிறேன்."

சின்னையன் ஒரு காலத்தில் மலையையே அதட்டிய ஆள். கீழே சங்கரன்கோவில், சிவகிரிப் பக்கமெல்லாம் போய் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிவந்து, வேலை வாங்கியவர். இப்போது கட்டிலில் ஒரு சுருட்டிய பாய் அளவுக்குத்தான் இருந்தார். மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. அழகுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். "கங்காணியய்யா, அழகுத்தாய் வந்திருக்கேன். இனி தனியா இல்ல நீங்க" என்றாள்.

அவர் கண் திறக்கவில்லை. வெளியே கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அதற்கிடையில் இன்னொரு சத்தமும் இருந்தது. டக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, டக், டக். கல்லும் கல்லும் உரசுகிற மாதிரி. சொட்டுகிற தண்ணீர் கீழே ஏதோ கல்லில் விழுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. சந்தனம் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

"கதவைச் சாத்து தாயி, குளிருதுல்ல."

"சாத்துனா தட்டுறாங்க அத்தே" என்றாள் சந்தனம், மெதுவாக.

யார் என்று கேட்க வாயெடுத்தாள் அழகுத்தாய். அதற்குள் கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். தண்ணீர் கேட்கக்கூடத் தெம்பில்லாத அந்த உடம்பிலிருந்து, களத்தில் நின்று கத்துகிற குரல் வந்தது.

"சுடலை! சங்கரன்கோவில்!"

அழகுத்தாய்க்குப் புரிந்துவிட்டது. பெரட்டு. தோட்டத்தில் தினமும் வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அது. ஒரே பேரில் பலர் இருப்பதால் பேரோடு ஊரையும் சேர்த்துத்தான் கங்காணிகள் கூப்பிடுவார்கள். பாவம், பழைய ஞாபகத்தில் பெரட்டு எடுக்கிறார் என்று அவள் அவர் நெற்றியைத் தடவினாள்.

வெளியே பனிக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"வந்தாச்சு கங்காணி."

அழகுத்தாயின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

"சின்னத்தாயி! சங்கரன்கோவில்!"

"வந்தாச்சு." பெண் குரல். வாயில் எதையோ அடக்கி வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"பெரியமுத்து! சிவகிரி!"

"வந்தாச்சு."

"சின்னமுத்து! சிவகிரி!"

"வந்தாச்சு."

"சோலை! போடி!"

"வந்தாச்சு கங்காணி. எப்பக் கூட்டிட்டுப் போறீக?"

வாடை ஒரேயடியாக உள்ளே அடித்தது. வாசலுக்கு வெளியே கம்பளி உதறுகிற சத்தம் கேட்டது. நீர்த்துளிகள் நடை வரைக்கும் தெறித்தன. விளக்கு வெளிச்சத்தில் அழகுத்தாய் பார்த்தாள். செம்மண் கலங்கிய தண்ணீர்.

சின்னையன் பேர் கூப்பிட்டு முடித்திருந்தார். ஆனால் கண் மூடவில்லை. வாசல் நிலையை ஒட்டி, இடுப்புயரத்தில், எதையோ பார்த்தபடி இருந்தார். உதடு துடித்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அப்புறம் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெனமும் இப்படித்தான்" என்றாள் சந்தனம். "கடைசியில எப்பவும் அந்த எடத்தையேதான் பாப்பாரு. ஏன்னு தெரியல."

அழகுத்தாய் எழுந்து போய் வாசலைப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. பனி மட்டும் நின்றது. அவளுக்கும் பயம்தான். ஆனாலும் அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கு முன்னால் அதைக் காட்டக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு தாயி இவங்கெல்லாம்?"

சந்தனம் சொன்னாள். அவள் சிறுமியாக இருந்தபோது இந்தச் சரிவுக்குக் கீழே இன்னொரு லயம் இருந்தது, வேலையாட்கள் குடியிருந்த வரிசை வீடு. கீழ் லயம் என்பார்கள். ஒரு ஆடியில் விடாத மழை. மலை இளகுகிறது, எங்களை ஊருக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்று ஆட்கள் கங்காணியிடம் வந்து நின்றார்கள். காய் எடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். "எடுப்பு முடியட்டும். கூட்டியாந்தவன் நான், நானே கூட்டிட்டுப் போய் ஊர்ல விடுறேன்" என்று அவர் வாக்குக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அந்த வாரமே மண் சரிந்து லயத்தை மூடிவிட்டது.

"மழை விட்டதும் தோண்டலாம்னு தோட்டத்துக்காரங்க சொன்னாங்களாம். மழை விட்டுச்சு. அதுமேலயே ஏலத்தை நட்டுட்டாங்க." சந்தனம் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "நான் அங்கதான் அத்தே, கல்லைத் தூக்கிப்போட்டுப் பிடிச்சு, சொட்டாங்கல் ஆடிக்கிட்டே கெடப்பேன். அன்னிக்குக் காய்ச்சல்னு அப்பா என்னய வெளிய விடல. இல்லேன்னா நானும் அந்த மண்ணுக்குள்ளதான்."

அழகுத்தாய் அவளை அணைத்துக்கொண்டாள். யாரோடு ஆடுவாய் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் முழுக்கச் சின்னையனோடு பேசினாள். காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, ஊர்க்கதை பேசுகிற மாதிரி பேசினாள். பகலெல்லாம் பதில் இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவர் விரல் அவள் கையைத் தேடிற்று.

"வாக்கு" என்றார். காற்று மாதிரிதான் வந்தது. "கூட்டிட்டுப் போகணும். விட மாட்டேங்கிறாங்க தாயி. கூட்டியாந்தவனைத் தனியாப் போக விடுவாங்களா?"

"நீங்க போங்கய்யா. பின்னாலயே வருவாங்க."

"நான் போற எடம் வேற. அவங்க ஊருக்குல்ல போகணும்."

இவ்வளவுதான் பாக்கி. இதை ஒருவர் வாங்கிக்கொண்டால் அந்த உயிருக்கு விடுதலை. சந்தனத்துக்கும் அது புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டில் பக்கம் உட்கார்ந்தாள்.

"நான்தான மக? நான் ஏத்துக்கிறேன் அத்தே. அப்பா போகட்டும். பாக்க முடியல" என்று கையை நீட்டினாள்.

வெளியே சொட்டுகிற சத்தம் நின்றது.

எல்லாச் சத்தமும் நின்றது.

அழகுத்தாய் வாசலைப் பார்த்தாள். பனி நடைக்குள் வந்திருந்தது. அதற்குள் கம்பளி போர்த்திய தலைகள் வரிசையாக, பெரட்டில் நிற்கிற மாதிரி நின்றன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமண். ஒருவரும் கட்டிலைப் பார்க்கவில்லை. எல்லாத் தலையும் சந்தனத்தின் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று அழகுத்தாய்க்குத் தெரிந்தது. ஊருக்குப் போகக் காத்துக் கிடக்கிறவர்கள். ஆனால் சந்தனம் இந்தச் சொல்லை வாங்கினால், நாளைக்கு அவளுக்குப் பின்னாலும் அவள் பிள்ளைக்குப் பின்னாலும் அல்லவா இந்த வரிசை நிற்கும்? பிறக்காத பிள்ளைக்கு இது எந்த ஊர் நியாயம்?

சந்தனத்தின் கையைத் தட்டிவிட்டாள். கிழவரின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"நான் ஏத்துக்கிட்டேன். நான் கூட்டிட்டுப் போய் விடுறேன். நீங்க போங்கய்யா."

சின்னையன் அவளைப் பார்த்தார். மறுபடி வாசல் நிலையை ஒட்டிய அந்த இடத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தது. சொல்லாமலே மூச்சு அடங்கிற்று.

"அப்பா" என்று சந்தனம் கட்டில் மேல் விழுந்தாள். நடையில் பனி இல்லை. கம்பளி வாடை மட்டும் இடம் மாறி, அழகுத்தாயின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

தந்தி கிடைத்துச் சந்தனத்தின் புருஷன் வந்து சேர்ந்தான். கங்காணியை அடக்கம் செய்த மறுநாள் காலையில் அழகுத்தாய் கிளம்பினாள். செல்லத்துரை ஜீப்போடு மெட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"கம்பத்துக்குத்தான் போறேன். ஏறுக்கா, எறக்கத்துல ஏன் நடக்குற?"

"நீ போ தம்பி. நாங்க நடந்தே வாறோம்."

செல்லத்துரை அவளுக்குப் பின்னால் பார்த்தான். ஒருவரையும் காணோம். வேறு கேள்வி கேட்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

செக்போஸ்ட்டைத் தாண்டி மலைப்பாதையில் இறங்கினாள். பனி கூடவே இறங்கிற்று. பின்னால் சேற்றில் மிதித்து நடக்கிற கால்கள், அவள் நின்றால் நின்றன, நடந்தால் நடந்தன. ஒரு வளைவில் ஒருவர் இருமினார். இன்னொரு வளைவில் பெண் குரல் ஒன்று, ஊர்க்கிணற்றில் தண்ணீர் கிடக்குமா என்று யாரிடமோ கேட்டது. அழகுத்தாய்க்குப் பயம் போய்விட்டது. இத்தனை வருஷமாக இந்தப் பாதையில் இறங்கத்தானே காத்திருந்தார்கள், பாவிகள்.

அடிவாரத்துக்கு வந்தபோது பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. கம்பத்துப் பக்கம் மழையின் சுவடே இல்லை. பாதையோரப் புளியமரத்தடியில் நின்று திரும்பினாள். வெறும் ரோடு. ஆனால் தரையில் ஈரம் வரிசையாக நின்றது.

எப்படி அனுப்புவது என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கங்காணி கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டாள்.

"சுடலை! சங்கரன்கோவில்! போய்ச் சேரு அய்யா."

ஒரு ஈரம் காய்ந்தது.

"சின்னத்தாயி! சங்கரன்கோவில்! போயிட்டு வா தாயி."

அடுத்தது காய்ந்தது. ஏனோ அது மட்டும் தயங்கித் தயங்கி, ஓரத்திலிருந்து மெதுவாகக் காய்ந்தது.

பெரியமுத்து, சின்னமுத்து, சோலை. பேர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் காய்ந்து, கடைசியில் ரோடு வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. முதுகுப் பக்கத்துக் குளிர் போயிருந்தது. அழகுத்தாய் மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். கொடுத்த சொல்லை முடித்துவிட்டாள். சந்தனம் இனி நிம்மதியாகப் பிள்ளை பெறலாம்.

பக்கத்தில் ஓர் ஓலைக்கடை. போய் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னாள். கடைக்காரர் கிளாசை வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளைக்கு ஒரு பன்னு தரவாம்மா?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"ஒங்க முந்தானையப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற பிள்ளைக்குத்தான். மேல மழையா? இப்படி நனைஞ்சுபோயி நடுங்குதே." சொல்லிவிட்டு, பன் எடுக்க அவர் உள்ளே திரும்பினார்.

அழகுத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை.

முந்தானை இறுகியிருந்தது. அன்றைக்கு வாசற்படியில் இழுபட்டதே, அதே மாதிரி. இடுப்புயரத்தில்.

சந்தனம் கீழ் லயத்தில் யாரோடு சொட்டாங்கல் ஆடினாள் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. சின்னத்தாயின் ஈரம் ஏன் தயங்கியது என்றும், கங்காணி கடைசிவரை எதைப் பார்த்தார் என்றும் தெரிந்தது. பெரட்டில் வேலையாட்கள் பேரைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகளை ஒருவரும் கூப்பிடுவதில்லை.

"ஒம் பேரென்ன தாயி?" என்று, உதடு அசையாமல் கேட்டாள். முந்தானையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"பேரைச் சொல்லு. ஊருக்கு அனுப்புறேன். அம்மாகிட்டப் போயிரலாம்."

முந்தானை இன்னும் கிட்டே வந்தது. காதருகில், மண் அடைத்த சின்னக் குரல் கேட்டது.

"எனக்கு எது அத்தே ஊரு?"

அழகுத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. லயத்தில் பிறந்து, லயத்திலேயே மண்ணுக்குள் போன பிள்ளை. சங்கரன்கோவிலை அது கண்ணால்கூடப் பார்த்திருக்காது. மேலே அதற்கு வீடு இல்லை, கீழே அதற்கு ஊர் இல்லை. கூட்டிட்டுப் போய் விடுகிறேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

கடைக்காரர் பன்னோடு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கம்மா பிள்ளை?"

அழகுத்தாய் பெஞ்சைப் பார்த்தாள். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து எழுந்த மாதிரி சின்னதாக ஓர் ஈரம். அந்த வெயிலிலும் அது காயவில்லை. ஈரத்தின் நடுவே, மலைச் செம்மண் அப்பிய கூழாங்கற்கள் சில, ஆட்டத்துக்குப் பரப்பிவைத்த மாதிரி கிடந்தன.

ஒரு கல் தானாக மேலே எழும்பிற்று.

அது கீழே வந்து விழவே இல்லை. விழுமுன்னாலேயே யாரோ பிடித்துக்கொண்டார்கள்.